என்னைக் கேட்காமல் பாட்டின் பெயரை மாற்ற இந்த மென்பொருளுக்கு யார் உரிமை கொடுத்தது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் அப்பா சேர்த்துவைத்துப் போன தேவார, நாதஸ்வரக் குறுந்தகடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றி, எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கும் அம்மாவுக்காக ஒவ்வொரு பதிகத்தின் பெயரையும் ஓதுவாரின் பெயரையும் தமிழிலேயே தட்டச்சு செய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பாட்டு கேட்கும் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட ஓர் இரவில் அத்தனையும் போயிற்று. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்த அம்மா, "இது யாருப்பா?" என்று திரையைக் காட்டினார்கள். சம்பந்தர் தேவாரத்தின் மேல் ஏதோ ஐரோப்பிய நடன இசைத் தொகுப்பின் பெயரும் அட்டைப்படமும் பல்லை இளித்துக்கொண்டிருந்தன.

இந்த மேதாவித்தனம் நடக்கும் விதத்தைக் கேட்டால் வயிறு எரியும். சாதாரண இசைத்தகட்டில் பாட்டின் பெயர் பதிந்திருப்பதில்லை. ஒவ்வொரு பாட்டும் எங்கே தொடங்குகிறது என்ற கணக்குதான் இருக்கும். பெயரையும் சேர்த்துப் பதியும் சிடி-டெக்ஸ்ட் முறை 1996இல் வந்தும் எங்கள் தகடு ஒன்றில்கூட அது இல்லை. ஆகவே மென்பொருள் பாட்டுகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் வைத்து இணையத் தரவுத்தளத்தில் துழாவி, யாரோ முன்பின் தெரியாதவர் எழுதிவைத்த விவரத்தில் அளவு ஒத்துப்போவதை எடுத்து ஒட்டிவிடுகிறது. ஒரு வரியைக்கூடக் காதுகொடுத்துக் கேட்காத ஒன்று, கேட்டுக் கேட்டு எழுதிய என்னைத் திருத்துகிறது! ஒரே ஓதுவார் பாடிய தகட்டுக்குப் 'பல கலைஞர்கள்' என்று வேறு போட்டிருக்கிறது.

காரில் உள்ள பழைய பிளேயரின் கொடுமை தனி. பாட்டுக் கோப்புக்குள்ளேயே பெயர் விவரத்தை எழுதிவைக்கும் ஐடி3 என்ற முறையின் பழைய வடிவத்தைத்தான் அது படிக்கும்; அதில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும், கொம்பும் புள்ளியும் உட்பட, 3 பைட்டை விழுங்குவதால் திருஞானசம்பந்தர் 'திருஞானசம்' என்று பாதியில் நின்றுவிடுகிறார். இடம் போதாமல் வெட்டியதையாவது மன்னிக்கலாம். இருந்ததை அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

தானாக விவரம் சேர்க்கும் அந்த வசதியை அணைக்கும் இடம் அமைப்புகளுக்குள் நான்கு அடுக்கு கீழே ஒளிந்திருந்தது. அணைத்துவிட்டு, இணையத்தையும் துண்டித்துவிட்டு, முதல் தகட்டிலிருந்து மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.