கொறடா சொல்லும் பக்கம் எழும் கை

பத்தாம் வகுப்பில் படிக்கும் அண்ணன் மகள், சென்ற வாரம் குடிமையியல் பாடப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “முதலமைச்சரை ஆளுநர்தான் நியமிக்கிறார் என்று போட்டிருக்கிறது சித்தப்பா, அப்படியானால் அப்பா யாருக்கு ஓட்டுப் போட்டார்?” என்று கேட்டாள். தொகுதி உறுப்பினருக்கு மட்டும்தான் என்றேன். 234 பேர் கொண்ட தமிழகச் சட்டப்பேரவையில் 118 பேரின் ஆதரவு இருப்பவர் ஆட்சி அமைக்கிறார். அமைச்சரவை அந்தப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 164ஆவது பிரிவு. அமெரிக்க அதிபரை, நம்பிக்கை போய்விட்டது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் வீட்டுக்கு அனுப்ப முடியாது. இங்கே முடியும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது.

இவ்வளவையும் விளக்கிவிட்டு, நான் அவளிடம் பாதி உண்மையைத்தான் சொன்னேன் என்ற உறுத்தல் எனக்கு இருந்தது.

1967இல் ஹரியானாவின் கயா லால் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறிய கூத்து போன்றவற்றை நிறுத்தவே 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அச்சட்டம் விலைபோகிறவரையும் மனச்சாட்சிப்படி மறுத்து வாக்களிப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடுபவர் கொறடா. அவருடைய உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும், 15 நாள்களுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போய்விடலாம். ஆட்சி நிற்குமா விழுமா என்ற வாக்கெடுப்புக்கு மட்டுமல்ல, சாதாரண மசோதாவுக்கும் இதே கதிதான்.

பிரிட்டனில் 2019 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்காகப் பிரதமர் தெரசா மே கொண்டுவந்த பிரெக்ஸிட் ஒப்பந்தத்தை அவருடைய கட்சியைச் சேர்ந்த 118 பேரே எதிர்த்து வாக்களித்தார்கள்; ஒப்பந்தம் 202க்கு 432 என்று தோற்றது. (நம் பேரவையின் பெரும்பான்மை எண்ணும் 118தான் என்பது தற்செயல்.) மறுநாள் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு பிழைத்துக்கொண்டது. ஒப்பந்தத்தை எதிர்த்த எவருக்கும் அதற்காக உறுப்பினர் பதவி போகவில்லை.

இங்கே 2017இல் நடந்ததைப் பார்த்தோம். பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில், அவருடைய கட்சியைச் சேர்ந்த ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் பேரவைக்குள்ளேயே எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களுடைய பதவி நிலைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதே கட்சி உறுப்பினர்கள் 18 பேரோ செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த நீக்கம் செல்லும் என்று 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இத்தகைய வழக்கில் முதல் முடிவை எடுப்பவர் பேரவைத் தலைவர். அவரோ பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே வாதாட வரவில்லை. ஆட்சியைத் தட்டிக் கேட்க வேண்டிய அவையில், யார் இருக்கலாம் என்பதை ஆளுங்கட்சியிலிருந்து வந்த ஒருவர் முடிவு செய்வது எனக்குச் செரிக்கவில்லை.

நம்பிக்கை வாக்கெடுப்புகளில் மட்டும் கொறடா உத்தரவுக்குப் பதவி பறிக்கும் வலிமை இருந்தால் போதும் என்று தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே பரிந்துரைத்தது. அதை ஏற்றுக்கொண்டால் குதிரை பேரமும் கட்டுப்படும், ஒரு மசோதாவைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் துணிவு உறுப்பினருக்கும் மிஞ்சும் என்பதே என் கருத்து.

தேர்வில் ‘கூட்டுப் பொறுப்பு: குறிப்பு வரைக’ என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளதையே எழுதும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.