கணக்கு கேட்டா கோபம் வருதா?

"பிள்ளையை இலவசமா படிக்க வைக்கிறீங்க, இதுல கணக்கு வேற கேக்குறீங்களா?" ஒரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பள்ளிக்கு வந்த மானியத்துக்குக் கணக்கு கேட்ட கூலி வேலை பார்க்கும் ஒரு அம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்வி. யார், எந்தப் பள்ளி என்று நான் எழுதப்போவதில்லை. அதுக்குக் கைதட்டல் வேற!

ஐயா, கணக்கு கேட்பது அந்த அம்மாவின் வேலை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-ஐ ஒருதரம் புரட்டுங்க. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வந்த மானியம் எப்படிச் செலவாகுதுன்னு கண்காணிப்பது அவர்கள் பொறுப்பு என்று சட்டமே சொல்லுது. பிரிவு 22 இன்னும் ஒரு படி மேல போகுது: குழு எழுதித் தரும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வைத்துத்தான் மானியமே திட்டமிடணும். டீ குடிச்சுட்டு கையெழுத்துப் போட மட்டும் அமைத்த குழு இல்லைங்க.

அப்படி என்ன கஜானாவையா கேட்டுட்டாங்க? மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம், வருஷத்துக்கு: 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இந்தப் படிக்கட்டைக் கவனிங்க. 251 பேர் படிக்கும் பள்ளிக்கும் 75,000, 1000 பேர் படிக்கும் பள்ளிக்கும் அதே 75,000. அங்கே தலைக்கு ஏறக்குறைய 299 ரூபாய், இங்கே 75. இதில்தான் சாக்பீஸ், கரண்ட் பில், இணையம், பழுது எல்லாம். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. அந்தப் பெரிய பள்ளி அந்தக் குறைந்தபட்சத்தோடு நின்றால் பிள்ளைக்கு ஏழரை ரூபாய். ஒரு வருஷத்துக்கு! ஃபினாயில், துடைப்பம், உடைஞ்ச குழாய் எல்லாம் அதற்குள்ள.

"தலைமையாசிரியர் பாவம், அவர் என்ன செய்வார்?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கிறேன். மானியம் நிதியாண்டுக் கடைசியில் வந்தால், மார்ச் 31-க்குள் செலவழிக்கணும் என்று அவசரத்தில் கிடைத்ததை வாங்குவாங்க. ஜூனில் தேவைப்பட்ட குழாய் அப்படியே நிற்கும். அதனால்தான் கேள்வி மேலேயும் போகணும்.

"இதுல அரசியல் பேசாதீங்க." சரிங்க, பேசலை. மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலைன்னு 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நின்றதே, அது வானிலைச் செய்தியா?

"எங்க வரிப்பணத்துல படிச்சுட்டு..." இதுதான் ரொம்ப வலிக்குது. சோப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி கட்டுறாங்க அந்த அம்மா. நீங்க வருமான வரி கட்டுறவரா? அப்போ அதன் மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் (குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் கூடுதல் வரி) கட்டுறீங்க. 2018 பட்ஜெட்டில் 3 சதவீதம் 4 ஆச்சு. செஸ் மாநிலங்களோடு பகிரும் வரித்தொகுப்பில் சேராது, மத்திய அரசிடமே இருக்கும். உங்க பணம் எங்கே போச்சுன்னு அங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா? கூலிக்காரப் பொம்பளைகிட்ட மட்டும்தான் குரல் ஏறுது.

கேட்க நினைக்கிற பெற்றோருக்கு: "நிதி வந்துச்சா?"ன்னு வாயால் கேட்டால் "வந்துச்சு, செலவாயிடுச்சு" என்பதோடு முடிஞ்சிடும். எந்தத் தேதியில், எந்தத் தலைப்பில், எவ்வளவு, எந்த ரசீதுக்கு என்று கேளுங்க. கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, கையெழுத்துக்கு முன்னாடி படிங்க. காலியாக இருக்கும் பக்கத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். "ஏன்" என்று கேட்காதீங்க, ஆவண நகல் கேளுங்க. விளக்கம் கேட்டால் அது தகவல் இல்லைன்னு தட்டிக்கழிக்க வழி இருக்கு, ரசீது நகலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. 30 நாளில் பதில் வரணும். வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. கைதட்டினவங்களும் தாராளமா போடலாம்.