ஆஸ்பத்திரி பில்ல கண்டுக்காம விட்டா என்ன ஆகும்?

அமெரிக்காவுல ஆஸ்பத்திரி பில் கட்டலன்னா ஜெயிலான்னு தான் நம்மாளுங்க முதல்ல கேக்கறாங்க. கடனுக்கு ஜெயில் கிடையாதுங்க, இது சிவில் விவகாரம். உடனே ஒருத்தர் வந்து "அப்ப விடு ப்ரோ, கண்டுக்காத"ன்னு அட்வைஸ் போடுவார் பாருங்க, அங்க தான் எனக்கு பத்திக்கிட்டு வருது.

பில் கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு (கடன வசூல் பண்ற கம்பெனி) போகும், கேஸ் போட்டா சம்மன் வரும், அதுக்கு பதில் போடலன்னா பில்லு சரியா தப்பான்னு யாரும் தோண்டிப் பாக்க மாட்டாங்க, நீங்க வரலங்கறதுக்காகவே கேஸ் போட்டவன் பக்கம் தீர்ப்பு. அப்புறம் சம்பளத்துல 25 சதவீதம் வரைக்கும் பிடிக்க பெடரல் சட்டத்துல இடம் இருக்கு (டெக்சாஸ், பென்சில்வேனியால இந்த மாதிரி கடனுக்கு சம்பளத்த தொட முடியாது, ஆனா பேங்க் அக்கவுண்ட்ட முடக்கலாம்). சொத்து விவரம் சொல்ல வான்னு ஜட்ஜ் கூப்பிட்டும் போகலன்னா தான் வாரண்ட், அதுவும் கடனுக்கு இல்ல, கோர்ட்ட மதிக்காததுக்கு.

கொடுமை என்னன்னா நிறைய பேர் அவ்ளோ கட்டவே வேண்டியிருந்திருக்காது. லாப நோக்கம் இல்லன்னு வரிச்சலுகை வாங்கற ஆஸ்பத்திரி எல்லாம் வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு உதவித் திட்டம் வெச்சே ஆகணும், முதல் பில் வந்து 240 நாள் வரைக்கும் அப்ளை பண்ணலாம், முதல் 120 நாள் கேஸ் போடவும் கூடாது. அத பில்லுலயே போட்டிருக்கணும்னும் ரூல். நாம தொகைய பாத்ததுமே மடிச்சு டிராயர்ல போட்டுடறோம்.

ஏஜென்சி லெட்டர் வந்தா 30 நாளுக்குள்ள இந்தக் கடன ஒத்துக்கலன்னு எழுத்துல மறுங்க, ஆதாரம் அனுப்பற வரைக்கும் அவங்க வசூல நிறுத்தணும். போன்ல கத்தறதெல்லாம் கணக்குல வராது. பழைய கடனா இருந்தா "சும்மா ஒரு 20 டாலர் கட்டுங்க சார்"னு தேனா பேசுவான், பல ஸ்டேட்ல அந்த 20 டாலரே கேஸ் போடறதுக்கான காலாவதி கணக்க முதல்ல இருந்து ஓட விட்டுடும்.

கிரெடிட் ரிப்போர்ட்ல (நீங்க கடன ஒழுங்கா கட்டறீங்களான்னு காட்டற அறிக்கை) 500 டாலருக்குக் கீழ உள்ள மெடிக்கல் கடன் 2023ல இருந்து வராது, சரி. ஆனா மெடிக்கல் கடனே வராதுன்னு சுத்தற ஃபார்வர்ட நம்பாதீங்க, மெடிக்கல் கடன ரிப்போர்ட்ல காட்டக் கூடாதுன்னு 2025 ஜனவரில வந்த ரூல டெக்சாஸ்ல ஒரு பெடரல் கோர்ட் ஜூலைலயே ரத்து பண்ணிடுச்சு.

அப்புறம், அப்பா அம்மாவ எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போறப்ப கவுன்டர்ல டேப்லெட்ட நீட்டுவாங்க, பதட்டத்துல விரலால கிறுக்கிட்டு உள்ள ஓடுவோம். அதுல 'பணத்துக்கு நான் பொறுப்பு'ன்னு இருந்தா கேஸ் உங்க பேர்ல வரும். படிச்சிட்டு போடுங்க, அதுக்காக வாசல்ல நிறுத்தி வெக்க முடியாது, பணப்பேச்சுக்காக எமர்ஜென்சி சிகிச்சைய தாமதப்படுத்தக் கூடாதுன்னு எம்டாலாங்கற பெடரல் சட்டம் சொல்லுது.