அமுச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பெண் கொடுக்க மட்டும் மனமில்லை

நம் கொங்கு நாட்டில் கோபி, காங்கேயம், தாராபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது ஒரே புலம்பலைக் கேட்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைக் கவனிக்கும் பொறுமை இல்லையாம். படுத்த படுக்கையாகிவிட்ட அமுச்சிக்கு, அதாவது பாட்டிக்கு, கஞ்சி ஊட்டக்கூட ஆள் கிடைப்பதில்லையாம். இதில் பாதி உண்மை. மறுபாதியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

காடு தோட்டம் பங்காகக் கூடாது என்று ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டது நம் தலைமுறைதான். அந்த ஒற்றைப் பிள்ளை இன்று பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கிறது. இரு பக்கப் பெற்றோரையும் சேர்த்து நான்கு முதியவர்கள் ஒரு தம்பதியை நம்பியிருக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் கோவைப் புறநகரின் முதியோர் குடியிருப்புகளில் வீடு வாங்கிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு மருமகள்தான் கதி. மருமகள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். அமுச்சியைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது பேரனின் வேலை, டயபர் மாற்றுவது அவனுடைய அம்மாவின் வேலை என்று வளர்த்துவிட்டு, அவனுக்கு அக்கறை இல்லை என்று குறைசொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

பராமரிப்பு என்றால் மனம் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அது பழகிக் கற்க வேண்டிய தொழில். படுக்கையில் இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் புண் வைத்துவிடும். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு மல்லாந்த நிலையில் கஞ்சி ஊட்டினால், அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். மறதி நோய் கண்டவர் நடுஇரவில் ஊருக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டும்போது கையைப் பிடித்து இழுத்தால் மூர்க்கம்தான் கூடும். பேச்சுக் கொடுத்து வேறு பக்கம் திருப்பத் தெரிய வேண்டும். ஆளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கும் முறை தெரியாமல் தூக்கினால் தூக்குகிறவரின் முதுகு போய்விடும். இவ்வளவும் தெரிந்த ஒருவரைத்தான் நம் வீடுகளில் சமையலறைக்குள் விடலாமா என்று சாதி கேட்கிறோம். அவருக்குத் தனித் தட்டு வைக்கிறோம்.

சம்பளக் கதையும் அப்படித்தான். 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையானாலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைக்கப்பட்ட குழு 2016-இல் பரிந்துரைத்தது. நம் ஊர்ச் சிறு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் பெண்களைக் கேட்டால் அந்தப் பரிந்துரை என்ன ஆனது என்பது தெரியும். பட்டயச் செவிலியர் படிப்புக்கே மூன்று ஆண்டு ஆகிறது. அதை முடித்த பெண், திருப்பூர்ப் பனியன் கம்பெனித் தையல்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது விடுமுறை உண்டே என்று கணக்குப் போட்டால் அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

ஆண்களின் நிலை இன்னும் விசித்திரம். நம் சமூகத்தில் மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்காத கதை ஊரறிந்தது. அதில் ஆண் செவிலியர் ஒருவரின் ஜாதகம் வந்தால், தரகரே அதை அடியில் தள்ளிவிடுகிறார். தன் தகப்பனாரைக் குளிப்பாட்ட அப்படி ஒரு பையன் கிடைக்க மாட்டானா என்று ஏங்கும் அதே வீட்டார், தங்கள் பெண்ணுக்கு அவனை வேண்டாம் என்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பான்?

இதே வேலைக்கு ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு விமானம் ஏறும் பெண்ணை மட்டும் கல்யாண வீட்டில் நடுவில் உட்கார வைத்துப் பேசுகிறோம். அங்கும் அவர் முதியவரைக் குளிப்பாட்டத்தான் போகிறார். அந்த நாட்டில் முதியோர் பராமரிப்பையும் மருத்துவமனைச் செவிலியத்தையும் 2020 முதல் ஒரே மூன்றாண்டுப் பயிற்சிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பயிற்சிக் காலத்திலேயே சம்பளமும் உண்டு. இங்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும், நோயின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீடு தேடி வருவது நல்ல தொடக்கம்தான், ஆனால் அவர்கள் வந்து போன பிறகு மீதி நாள் முழுவதும் பார்ப்பவருக்குப் பயிற்சியும் இல்லை, பெயரும் இல்லை.

அரசு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதுவரை, வீட்டுக்கு ஆள் வைத்திருப்பவர்கள் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் வார விடுமுறையையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவர் விடுமுறையில் போகும் நாளில் அமுச்சிக்கு டயபர் மாற்றுவது பேரனின் முறையாக இருக்கட்டும். எப்படி மாற்றுவது என்பதை முந்தைய நாளே அவரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.