நாற்காலியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்

பழைய ஐரோப்பிய நாற்காலிப் படங்களைப் பகிர்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தம். வெள்ளைப் பின்னணியில் ஒற்றை நாற்காலி நிற்கும். கீழே, 'அடேயப்பா, என்ன வேலைப்பாடு!' பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் ராபர்ட் ஆடம் பார்த்தால் நொந்துபோவார்.

லண்டனுக்கு மேற்கே இருக்கும் ஆஸ்டர்லி மாளிகையில் 1770களில் அவர் வடிவமைத்த ஓர் அறை உண்டு. சுவரெங்கும் கறுப்பும் செங்காவியுமாகப் பழங்கால ஜாடிகளில் வரும் உருவங்கள். (ரோமானியருக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கன் மக்களின் ஜாடிகள் என்று அன்று நம்பினார்கள். பெரும்பாலும் கிரேக்க ஜாடிகள்தான்.) நாற்காலிகளிலும் அதே நிறம், அதே பாணி ஓவியம். யாரும் உட்காராதபோது அவை சுவரோரமாக வரிசையில் நிற்கும். சுவரில் பாதி நாற்காலியில் இருக்கிறது என்றே சொல்வேன். ஆளின் முதுகை நினைத்துச் செய்ததல்ல, அறையை நினைத்துச் செய்தது.

அதே காலத்து ஆங்கிலேய மரச்சாமான் கலைஞர் தாமஸ் சிப்பண்டேல் என்றதும் பலருக்கும் வளைந்த கால்கள்தான் நினைவுக்கு வரும். என் கணக்கில் அவருடைய உச்சம் அதுவல்ல, யார்க்‌ஷயரின் ஹேர்வுட் மாளிகை. ஆடம் வடிவமைத்த அறைகளுக்கு 1767 முதல் சிப்பண்டேலின் பட்டறை மரச்சாமான் செய்து கொடுத்தது. வளைவெல்லாம் போய், கீழே குறுகும் நேர்க்கால்கள், ரோமானியக் கலசங்கள், மலர்த் தோரணங்கள்.

அங்கே 1773இல் செய்த ஒரு கமோட் இருக்கிறது. சிரிக்காதீர்கள், தாழ்வான அலங்கார அலமாரிக்கு அன்று அதுதான் பெயர்! விலை 86 பவுண்டு. மரத்துக்குள் மரத்தையும் தந்தத்தையும் பதித்து டயானா, மினர்வா என்ற இரண்டு ரோமானிய தேவியரை இழைத்திருக்கிறார்கள். இந்தப் பாணியை நாம் 'அடக்கமான பழுப்பு' என்று புகழ்கிறோமே, அது பெரும்பாலும் வெயிலின் வேலை. சாயம் ஏற்றிய மரத்துண்டுகள் புதிதில் பளீரென்று இருந்தவை. 250 வருடத்தில் வெளுத்துவிட்டன.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? ஹேர்வுட் மாளிகையின் சொந்தக்காரர் எட்வின் லாசெல்ஸ். மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையிலும் அடிமை உழைப்பிலும் திரண்ட குடும்பச் சொத்து. இத்தகைய சாமான்களுக்குப் பயன்பட்ட, பளபளக்கும் மஞ்சள் நிற சாட்டின்வுட் மரமும் அக்காலத்தில் பெரும்பாலும் அந்தத் தீவுகளிலிருந்துதான் கப்பலேறியது. அதேபோன்ற நம் பக்கத்து மரமான முதிரை அந்தச் சந்தைக்குப் போனது சற்றுப் பின்னால்தான்.