காய் இருக்க கேப்சூல் எதற்கு?

எப்போது முகநூலைத் திறந்தாலும் ஆர்டிசோக் என்ற செடியின் கேப்சூல் விளம்பரம் கண்ணில் படுகிறது. ஈரலைச் சுத்தம் செய்யுமாம், கொழுப்பைக் கரைக்குமாம். ஈரல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் உறுப்பு. அதற்காக மாதாமாதம் டப்பா வாங்க வேண்டியதில்லை.

கேப்சூலில் அடைப்பது அந்தச் செடியின் இலைச்சாறு. மத்தியதரைக்கடல் நாடுகளில் காயாகச் சமைப்பதோ விரியாத பூமொட்டு. இலைச்சாறு கொலஸ்ட்ராலைக் குறைக்குமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் அலசியபோது தேறிய ஆய்வுகள் மூன்றே மூன்று. மொத்தம் 262 பேர். கொஞ்சம் குறையலாம், ஆனால் அடித்துச் சொல்ல இந்த ஆதாரம் போதாது என்று முடித்தார்கள். விளம்பரத்துக்கு வரும்போது அந்தக் 'கொஞ்சம்' காணாமல் போய்விடுகிறது. இலைச்சாறு பித்தநீர்ச் சுரப்பைத் தூண்டும் என்பதால் பித்தப்பையில் கல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. நான் பார்த்த விளம்பரங்களில் இது பொடி எழுத்தில்கூட இல்லை.

மொட்டு அப்படியல்ல, நேர்மையான காய். வேகவைத்த 100 கிராமில் சுமார் 50 கலோரிதான். நார்ச்சத்து 5 கிராமுக்கு மேல். ஃபோலேட், மெக்னீசியம், பொட்டாசியமும் உண்டு. அந்த நாரில் இனுலின் என்று ஒரு வகை, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. கூடவே வாயுவும் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். வயிறு சட்டென்று உப்பும் ஆட்கள் கொஞ்சமாக ஆரம்பிப்பது நல்லது.

ரோமில் இதைச் செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். வாழைப்பூ ஆய்வது போலத்தான்: முரட்டு வெளிமடல்களை உரித்து, நுனியை வெட்டி, நடுவில் தொண்டையில் சிக்கும் பஞ்சு இருந்தால் சுரண்டி, கறுக்காமலிருக்க எலுமிச்சைத் தண்ணீரில் போடுவார்கள். அப்புறம் பூண்டும் புதினாவும் திணித்து, ஆலிவ் எண்ணெயும் தண்ணீரும் விட்டு, மூடி வேகவைப்பார்கள். அந்த ஊர் யூதர்கள் முழு மொட்டையும் எண்ணெயில் பொரிப்பார்கள். மடல்கள் மொறுமொறுவென்று விரிந்து நிற்கும். ருசி அபாரம், ஆனால் தயவுசெய்து அதை டயட் கணக்கில் எழுதாதீர்கள்! சாப்பிட்டதும் தண்ணீர் குடித்தால் சிலருக்கு இனிக்கும். அது சைனரின் என்ற பொருள் நாக்கில் செய்யும் வேலை.

நம்மூர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது பெரும்பாலும் உப்புநீரிலோ எண்ணெயிலோ ஊறிய பாட்டில் சரக்கு. விலையும் அதிகம், உப்பும் அதிகம்; வாங்கினால் நன்றாக அலசிவிட்டுச் சமையுங்கள். ருசிக்காக என்றால் சரி, வாங்கலாம். இனுலினுக்காக மட்டும் என்றால் அவ்வளவு செலவு எதற்கு, வெங்காயத்திலும் பூண்டிலும் அது இருக்கிறது.