கோல்ஃப்னா பந்து அடிக்கிறவன் மட்டும்தானா?

கோல்ஃப் இண்டஸ்ட்ரியப் பத்தி நேத்து வந்த போஸ்ட்டுக்குக் கீழ ஓடுன கமெண்ட்டெல்லாம் படிச்சவங்களுக்கு நான் எதுக்கு எழுதுறேன்னு புரியும். "பணக்காரனோட டைம்பாஸ், இதுக்குப் பேரு இண்டஸ்ட்ரியாம்"னு சொன்னதோட விட்டிருந்தா நானும் போயிருப்பேன். "புல்லு வெட்டுறதெல்லாம் ஒரு வேலையா"ன்னு ஒருத்தர் கேக்குறாரு, அதுக்கு நமக்குத் தெரிஞ்சவங்களே சிரிப்பு எமோஜி போடுறாங்க.

எங்கப்பா கோல்ஃப் மைதானத்துல அந்த வேலதான் பாத்தாரு. விடியறதுக்கு முன்னாடி போயிடணும். கிரீன்னா குழியச் சுத்தி, பந்த உருட்டி உள்ள விடுற இடம்; கொடி நட்டிருக்கிற அந்த இடத்துல புல்லு மூணு நாலு மில்லிமீட்டருக்கு மேல நிக்கக் கூடாது. குழிய அடிக்கடி இடம் மாத்தணும், இல்லன்னா எல்லாரும் ஒரே இடத்த மிதிச்சு மிதிச்சு புல்லு செத்துடும். புதுக் குழியில எடுத்த மண்ண புல்லோட அப்படியே கொண்டு போயி பழைய குழியில வச்சு, அமுக்கி, தண்ணி விட்டு, தடமே தெரியாம ஆக்கணும். செஞ்சு பாத்துட்டு சிரிங்க.

கணக்குதான வேணும்? அமெரிக்காவுல இந்தத் துறையோட நேரடிப் பொருளாதாரம் 2016ல 8,410 கோடி டாலர், 2022ல 10,170 கோடி. இதச் சுத்தி இருக்கற வேலைங்க 16.5 லட்சம். துறைக்காரங்களே எடுத்த கணக்கு, ஏத்தித்தான் சொல்லுவாங்கன்னு வருவீங்க, சரி, பாதிய கழிச்சுக்குங்க, அப்பவும் எட்டு லட்சம் பேரு சோறு திங்கிறான்ல? பணக்காரன் ஆட்டம்னு சொல்றீங்க, அங்க நாலுல மூணு மைதானம் பொதுமக்களுக்குத் திறந்து விட்டதுதான்.

தண்ணி, நிலம்னு கேக்குறது நியாயம். 18 குழி மைதானம்னா நூறு ஏக்கருக்கு மேல போகும், வறண்ட இடத்துல குடிதண்ணிய ஊத்திப் புல்லு வளக்குறத நானும் ஒத்துக்க மாட்டேன், சுத்திகரிச்ச கழிவுநீர விடச் சொல்லிச் சண்ட போடுங்க, நானும் வரேன். ஆனா நேத்து யாரும் தண்ணியப் பத்திப் பேசல. ஆளப் பாத்துதான் சிரிச்சீங்க.

இந்தத் துறைக்காரங்க மேலயும் எனக்குக் கோவம் இருக்கு. கோடிக் கணக்கு போடும்போது எங்க ஆளுங்கள சேத்துக்குறாங்க, விளம்பரத்துல மட்டும் பந்து அடிக்கிறவன் மூஞ்சிதான். 2006க்கு அப்புறம் அமெரிக்காவுலயே பல வருஷம் புதுசா தொறந்தத விட மூடுன மைதானம்தான் ஜாஸ்தி. அப்பா வேல பாத்த இடத்தையும் மூடுனாங்க. மெம்பருங்க வேற கிளப்புக்குப் போயிட்டாங்க. அப்பாவும் அவர் கூட இருந்தவங்களும் எங்க போனாங்கன்னு எந்த ரிப்போர்ட்லயும் கிடையாது. அவர் கடைசி வரைக்கும் கெடச்ச வேலையத்தான் பாத்தாரு.

"இமோஷனல் ஆகாதீங்க"ன்னு இதுக்குக் கீழ யாராவது எழுதுனா பதில் சொல்ல மாட்டேன், பிளாக்தான்.